எந்தக் கட்சிக் கணக்கிலும் வராத நாற்காலி: பிரதமருக்கும் கூட்டணித் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
டிசம்பர் 2023

மாண்புமிகு பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அவர்களுக்கும், ஒற்றுமை அரசாங்கத்தில் கைகோத்திருக்கும் கூட்டணிகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

டிசம்பர் 12ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அமைச்சரவை மாற்றத்தைப் பற்றித்தான் இந்த மடல். போன டிசம்பரில் 28 பேரோடு தொடங்கிய அமைச்சரவை இப்போது 31 பேராகியிருக்கிறது. தொடர்பு, இலக்கவியல் என்று ஒன்றாக இருந்த அமைச்சு இரண்டாகப் பிரிந்தது. டத்தோஸ்ரீ சுல்கிப்ளி அகமட் மறுபடியும் சுகாதாரத்துக்கு வந்தார். டத்தோஸ்ரீ ஜொஹாரி கனிக்குத் தோட்டத் தொழில் அமைச்சு. ஊழியர் சேமநிதி வாரியத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த டத்தோஸ்ரீ அமிர் ஹம்சா இரண்டாவது நிதியமைச்சர். எங்கள் பினாங்கு பெருநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் எம்.பி. ஸ்டீவன் சிம் மனிதவள அமைச்சர். கோபிந்த் சிங் டியோ டிஜிட்டல் அமைச்சர். இத்தனை பேர் உள்ளே வந்த மாற்றத்தில் பதவி போன ஒரே முழு அமைச்சர் பத்து காஜா எம்.பி. வ. சிவகுமார். அமைச்சரவையில் இருந்த ஒரே தமிழரும் அவர்தான்.

அவரை ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. யாரை வைப்பது, யாரை மாற்றுவது என்பது பிரதமரின் உரிமை. ஓர் அமைச்சரின் வேலை திருப்தி இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். என் கேள்வி, அந்த இடம் காலியானபோது அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள உங்களில் ஒருவர்கூட ஏன் முன்வரவில்லை என்பதுதான்.

மூன்று துணையமைச்சர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். சட்டச் சீர்திருத்தத்தில் எம். குலசேகரன், தேசிய ஒற்றுமையில் செனட்டர் சரஸ்வதி கந்தசாமி, தொழில்முனைவோர் மேம்பாட்டில் ஆர். ரமணன். மூவரும் உழைப்பவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் துணையமைச்சர் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்காருவதில்லை. நாடாளுமன்றத்தில் பதில் சொல்லலாம், நிகழ்ச்சிகளைத் திறந்து வைக்கலாம், தன் அமைச்சருக்கு எடுத்துச் சொல்லலாம். வாராவாரம் கதவைச் சாத்திக்கொண்டு நாட்டின் முடிவுகளை எடுக்கும் அந்த மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு, நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பேற்பது அமைச்சரவை என்கிறது. அந்தக் கூட்டில் இப்போது தமிழர் இல்லை.

கோபிந்த் சிங் டியோவைப் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சில நாள்களாக வாட்சப் குழுக்களில் அவரைப் பற்றி எழுதப்படுவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. 2018இலேயே அமைச்சராக இருந்து திறமையைக் காட்டியவர் அவர். அவருடைய தந்தை கர்ப்பால் சிங் பினாங்கின் பிள்ளை. யாரும் தொடாத வழக்குகளை எடுத்து ஏழை எளியவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர். அந்தக் குடும்பத்தை அந்நியர் என்று பேசுவது நன்றி மறந்த பேச்சு. மக்கள் தொகைக் கணக்கில் பஞ்சாபியர், மலையாளி, தெலுங்கர், தமிழர் எல்லாரும் இந்தியர் என்ற ஒரே கட்டத்தில்தான் வருகிறோம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தோட்டத்திலிருந்து வெளியேறி நகரத்து ஓரங்களில் தங்கிவிட்ட குடும்பங்களும், அடையாள அட்டைக்கு அலையும் பெரியவர்களும், 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் இந்தப் பெரும்பான்மைக்குள் இருக்கின்றன. இவர்களின் குறைகளைத் தமிழில் நேராகக் கேட்டு, வீட்டுப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் அமைச்சரவையில் வைக்கக்கூடிய ஒருவர் தேவை. பினாங்கில் இதை இரட்டிப்பாக உணர்கிறோம். 2008 முதல் இரண்டாவது துணை முதலமைச்சராக இருந்த பேராசிரியர் இராமசாமி இந்த ஆகஸ்டில் விலக, அந்தப் பதவி ஜக்டிப் சிங் டியோவுக்குப் போனது. நான்கு மாத இடைவெளியில் மாநிலத்திலும் மத்தியிலும் ஒரே மாதிரி நடந்தால் சாதாரண மக்கள் முடிச்சுப் போட்டுத்தான் பார்ப்பார்கள். விளக்கம் சொல்ல யாரும் வராதபோது அந்த முடிச்சு இறுகத்தான் செய்யும்.

'அமைச்சர் எல்லா இனத்துக்கும் அமைச்சர், இனம் பார்க்காதீர்கள்' என்ற பதில் எனக்குத் தெரியும். அதை நம்புகிறவள் நான். இன அடிப்படையில் அல்ல, தேவையின் அடிப்படையில் உதவி என்று நீங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் எனக்குப் பிடித்த கொள்கை. ஆனால் தேவை என்ன என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அது எப்படி நடக்கிறது என்று நான் அன்றாடம் பார்க்கும் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் வார இறுதியில் நாங்கள் சிலர் மேசை போட்டு உட்காருகிறோம். பிறப்புப் பத்திரம், குடியுரிமை, திருமணப் பதிவு என்று பாரம் நிரப்பித் தருவது எங்கள் வேலை. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சட்டப் பிரிவுகள் என் பங்குக்கு வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில் எல்லாக் காகிதத்தையும் ஒன்றாகத் திணித்துக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு தாய். தோட்டத்தில் பிறந்தவர், கையில் சிவப்பு அடையாள அட்டை. அதாவது நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டுமனை ஆகிவிட்டது. தோட்ட அலுவலகப் பதிவேடு எங்கே போனதென்று சொல்ல ஆள் இல்லை. அவருடைய தந்தையின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கிறது. ஒவ்வொரு கவுண்டரிலும் ஒவ்வொருவர் காதில் விழுந்தபடி எழுதியதன் பலன் அது. அந்தப் பெயர் வேறுபாட்டைக் காட்டியே அவருடைய குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்த கடிதத்தில் காரணம் என்று எழுதியிருப்பது ஒரே வரி.

அவர் கணவர் நீல அட்டைக்காரர், குடிமகன். கோயிலில் தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் மாதம் திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு இந்துக் கோயில் திருமணத்தையும் பதிவு செய்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது திருமணம். தோட்டப்புறத்தில் பலருக்கு இது தெரியாமலே போயிற்று. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் கணக்கில்தான் வரும். தந்தை குடிமகன் என்பது அங்கே உதவாது. ஆனாலும் அந்தத் தாயின் மகள் இன்று மலேசியக் குடிமகள். எப்படி? அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ, நிரந்தரவாசியாகவோ இருந்தால் பிள்ளை குடியுரிமை பெறும். தாயின் சிவப்பு அட்டைதான் மகளுக்கு நீல அட்டையை வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெண் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் மேசைக்கு அம்மாவுக்குத் துணையாக வந்து, பாரத்தில் மலாயில் இருப்பதை வாசித்துத் தமிழில் சொன்னவளும் அவள்தான்.

இப்போது உள்துறை அமைச்சு முன்வைத்திருக்கும் குடியுரிமைத் திருத்தங்களைப் பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கும் தந்தையருக்குச் சமமான உரிமை தருவது அதில் ஒன்று. காலம் தாழ்ந்து வந்தாலும் நல்ல திருத்தம், மனமார வரவேற்கிறேன். அதே தொகுப்பில் சேர்த்துக் கட்டியிருக்கும் இன்னொன்று, மேலே சொன்ன வரியிலிருந்து நிரந்தரவாசி என்பதை எடுத்துவிடுவது. அது நடந்தால், இனி அப்படிப்பட்ட ஒரு தாய்க்குப் பிறக்கும் பிள்ளை எந்த நாட்டின் பிள்ளை? பிறந்த நாளிலிருந்தே நாடற்ற பிள்ளை. எந்த வெளிநாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து அந்தத் திருத்தத்தை எழுதினார்களோ தெரியாது. அது போய் விழப்போவது மூன்று தலைமுறையாக இங்கே ரப்பர் மரம் சீவிய குடும்பங்களின் தலையில்.

இதை அமைச்சரவையில் யார் எடுத்துச் சொல்வார்கள்? கெட்ட எண்ணத்தால் அல்ல, தெரியாததால் சொல்லாமல் விடுவார்கள் என்பதுதான் என் பயம். கோயில் திருமணம், பதிவு, சிவப்பு அட்டை, இவற்றுக்கு இடையில் உள்ள முடிச்சு ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, தொகுதியில் தமிழர்களோடு தமிழில் பேசிப் பழகியவருக்கு உடனே புரியும். 'இந்தத் திருத்தம் வேண்டாம், இது எங்கள் ஆட்களைத்தான் அடிக்கும்' என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தால் போதும், கோப்பு திரும்பிப் போய்விடும். அதற்குத்தான் அந்த நாற்காலி. காருக்கும் கொடிக்கும் நாங்கள் ஆசைப்படவில்லை.

இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் ஜார்ஜ் டவுனில் இந்தியர் கடைகள் நிறைந்த லெபோ பாசாரில் நடந்து பார்த்தால் கண்ணில் படும். முடிதிருத்தகம், நகைப் பட்டறை, ஜவுளிக்கடை. இந்த மூன்று தொழிலுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்கப் பல்லாண்டுகளாக இருந்த தடை இந்த ஆண்டுதான் தளர்ந்தது. ஆள் இல்லாமல் பரம்பரைக் கடைகள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. மனிதவள அமைச்சில் அந்தத் தொழில்களைத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததும் இந்த முடிவுக்கு உதவியது என்றே நினைக்கிறேன். ஸ்டீவன் சிம் அதைத் தொடர்ந்து கவனிப்பார் என்று நம்புகிறேன். எங்கள் பெருநிலத்து மனிதர், நாங்கள் நேரில் போய்க் கேட்கவும் முடியும்.

சரி, இந்த நிலை எப்படி வந்தது? யாரோ தமிழர் மேல் வெறுப்பு கொண்டு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமைச்சரவை கட்டப்படும் விதத்திலேயே இது இருக்கிறது.

2022 நவம்பர் 19 தேர்தலில் 222 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நவம்பர் 24 நீங்கள் பதவியேற்றீர்கள். டிசம்பர் 16 கூட்டணிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நாட்டுக்கு நிலைத்த அரசாங்கம் வேண்டும் என்று நாங்களும் அன்று கும்பிட்டுக்கொண்டோம். அப்படி அமைந்த அரசாங்கத்தில் பதவிகள் கூட்டணிக்கு இவ்வளவு, கட்சிக்கு இவ்வளவு என்றுதான் பங்காகும். அதுவும் நாற்காலி எண்ணிக்கையின்படி மட்டும் அல்ல. 40 இடம் வென்ற ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) முதல் அமைச்சரவையில் நான்கு அமைச்சர்; 23 இடம் வென்ற சரவாக்கின் ஜி.பி.எஸ். கூட்டணிக்கு ஐந்து. குறை சொல்ல இதை எழுதவில்லை. 1963 மலேசிய ஒப்பந்தம் என்ற ஒன்று இருக்கிறது, சபா சரவாக் மக்களுக்கு நெடுங்காலமாகக் கடன்பட்ட மரியாதை அது. ஆனால் ஓட்டுக் கணக்குக்கு அப்பாற்பட்ட நியாயங்களும் அமைச்சரவையில் இடம்பெறும் என்பதற்கு அதுவே சாட்சி. வட்டாரத்துக்கு நியாயம் உண்டு, கட்சிக்கு நியாயம் உண்டு. எல்லாக் கட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகத்துக்கு மட்டும் கேட்க ஆள் இல்லை.

ஒரு காலத்தில் எங்களுக்கென்று ஒரு கட்சி இருந்தது: ம.இ.கா., அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ். 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த அமைச்சரவையில் துன் சம்பந்தன் இருந்தார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தேசிய ஒற்றுமை என்று பல அமைச்சுகளைப் பார்த்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருக்குப் பின் மாணிக்கவாசகம், சாமிவேலு, சுப்பிரமணியம், பழனிவேல், சரவணன். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது பொதுப்பணி அமைச்சர் ஒரு தமிழர் என்பதை எங்கள் பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரே கட்சியின் ஒரே வாசலில் எல்லாக் குறைகளும் காத்துக்கிடந்தன. அந்த ஏமாற்றம்தான் 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் வீதியில் ஹிண்ட்ராஃப் பேரணியாக வெடித்தது. அதன் பிறகு எங்கள் மக்கள் ஒரு கட்சியை நம்பி இராமல், பல இனக் கட்சிகளில் சேர்ந்தார்கள், ஓட்டுப் போட்டார்கள். அது நாட்டுக்கு நல்லது என்று நீங்களும் சொன்னீர்கள், நாங்களும் நம்பினோம். 2018இல் பலன் கிடைத்ததுபோலவும் இருந்தது. குலசேகரன், கோபிந்த், சேவியர் ஜெயகுமார், வேதமூர்த்தி என இந்தியர் நால்வர் அமைச்சரவையில். 2020க்குப் பிறகு ஒன்று. 2022இலும் ஒன்று. இந்த மாதம் தமிழர் யாரும் இல்லை.

இனக் கட்சியை விட்டுப் பொதுக் கட்சிக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதானா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜ.செ.க. தன் பங்கில் ஐந்து பேரைத் தந்துவிட்டது. உங்கள் கெஅடிலான் கட்சி தன் பங்கை நிரப்பிவிட்டது. பாரிசான் கூட்டணியின் 30 இடத்தில் ம.இ.கா.வுக்கு இருப்பது தாப்பா தொகுதி ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்து, அந்தக் கூட்டணியின் பெரிய கட்சியான அம்னோவிடம் என்ன கேட்க முடியும்? ஒவ்வொரு கட்சியும் தன் கணக்கைச் சரியாகவே முடித்திருக்கிறது. எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் நாங்கள் விடுபட்டிருப்பது தெரிகிறது. கூட்டிப் பார்க்க வேண்டியவர் பிரதமர். அதனால்தான் கட்சித் தலைமையகங்களுக்கு அல்ல, உங்களுக்கு எழுதுகிறேன்.

'எம்.பி.க்களில் தகுந்தவர் வேண்டுமே' என்ற பேச்சும் காதில் விழுகிறது. தகுந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலவை எதற்கு இருக்கிறது? 70 செனட்டர்களில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். அமைச்சர் இரு அவைகளில் எதிலிருந்தும் வரலாம் என்கிறது அதே 43ஆம் பிரிவு. தேர்தலில் தோற்ற தெங்கு ஸாப்ருலும் சைபுடின் நசுத்தியோனும் செனட்டர்களாகித்தான் அமைச்சர் ஆனார்கள். எந்தக் கட்சியும் சாராத முகமட் நயிம் மொக்தார் சமய விவகாரத்துக்கு வந்தது அப்படித்தான். இந்த மாதம் அமிர் ஹம்சாவுக்குத் திறந்ததும் அதே கதவு. நிதிக்கு ஒரு நிபுணர் வேண்டும் என்று தோன்றியபோது கட்சிக் கணக்கைத் தாண்டி வெளியிலிருந்து அழைத்து வந்தீர்கள். சரியான முடிவு. அந்தக் கதவை எங்களுக்காகவும் ஒருமுறை திறக்க முடியும். தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள், மருத்துவர்கள், கல்வியாளர்கள், அரசு ஊழியத்தில் உயர்ந்து ஓய்வு பெற்றவர்கள் எங்களிடையே நிறைய இருக்கிறார்கள். கட்சிக் கொடி பிடிக்காத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது என்பேன். எல்லாக் கட்சித் தமிழர்களும் அவரிடம் போகலாம்.

ஒரு வேண்டுகோள்: மறுபடியும் மனிதவளம்தான் தமிழருக்கு என்று வைத்துவிடாதீர்கள். 2008இல் சுப்பிரமணியம், 2018இல் குலசேகரன், 2020இல் சரவணன், போன ஆண்டு சிவகுமார். தொழிலாளர் வம்சம் என்பதால் தொழிலாளர் அமைச்சு என்ற பழக்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பிரச்சினைகள் இன்று முக்கால்வாசி வேறு இடங்களில் இருக்கின்றன. அடையாள அட்டை உள்துறையில். வீடு, ஊராட்சித் துறையில். தோட்டத்து நிலத்தில் தொடங்கி இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கும் தமிழ்ப்பள்ளிகள், நிபோங் தெபால் எம்.பி. பாட்லினா சிடேக்கின் கல்வி அமைச்சில். இவற்றில் எது ஆனாலும் சரி.

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவைக் காட்டி ஆறுதல் சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் செடிக் என்று தொடங்கி 2018இல் பெயர் மாறியது. பிரதமர் துறையில் இருந்தது, 2020இல் ஒற்றுமை அமைச்சுக்குப் போனது, இந்த ஆண்டு பிரதமர் துறைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் விண்ணப்பித்த பாலர் பள்ளிகளும் சங்கங்களும் மறுபடி யாரைப் பார்ப்பது என்று தொடங்க வேண்டியிருக்கிறது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 100 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). மொத்தத் திட்டம் 393.8 பில்லியன். ஆயிரம் வெள்ளிக்கு ஏறக்குறைய 25 காசு. குடிமக்களில் 6.7 விழுக்காடு இருக்கிறோம் என்கிறது 2020 கணக்கெடுப்பு. அந்த 25 காசு நன்றாகச் செலவானால் மகிழ்ச்சிதான். ஆனால் மித்ராவை இந்தியர் அமைச்சு போலவும், மற்ற 999 வெள்ளி 75 காசும் வேறு யாருக்கோ உரியது போலவும் பேசும் பழக்கம் அரசாங்கத்திலும் இருக்கிறது, வருத்தத்தோடு சொல்கிறேன், எங்களிடையேயும் இருக்கிறது. அமைச்சரவையில் ஒருவர் இருப்பது அந்த மீதிப் பணத்தைப் பற்றிப் பேசத்தான். மருத்துவமனை எங்கே, மலிவு வீடு யாருக்கு, தொழிற்பயிற்சி இடம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

கூட்டணித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னும் சில வாரங்களில் ஜனவரி 25 தைப்பூசம். தண்ணீர்மலைக்கும் பத்துமலைக்கும் வழக்கம்போல வருவீர்கள், மாலை போடுவோம், தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுப்போம். அந்த அன்பில் குறை இருக்காது. ஆனால் அன்று மேடையில் வெளியாகும் அறிவிப்புகள் வேண்டாம். கோயிலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே சொல்லப்படும் தொகைகள் ஒரு நாள் செய்தியோடு போய்விடுகின்றன. அதற்குப் பதிலாக உங்கள் கூட்டணிகள் எல்லாம் கூடும்போது, தமிழ் பேசும் அமைச்சர் ஒருவரைப் பிரதமர் நியமித்தால் எங்கள் பங்கில் கைவைக்கிறார் என்று சண்டை போடமாட்டோம் என ஒப்புக்கொள்ளுங்கள். பிரதமரின் கை கட்டப்பட்டிருப்பது உங்கள் பங்குக் கணக்கினால்தான். நீங்கள் அவிழ்த்துவிட்டால் அவருக்கு எளிது.

அரசாங்கத் தரப்பில் பின்வரிசையில் இருக்கும் தமிழ் எம்.பி.க்களே, உங்களிடமும் கேட்கிறேன். பதவி போனவருக்காகவோ பதவி கிடைக்காததற்காகவோ பேசினால் தன்னலம் என்று சொல்வார்களோ என நீங்கள் மௌனமாக இருப்பது புரிகிறது. பதவியைப் பற்றிப் பேச வேண்டாம். குடியுரிமைத் திருத்தத்தைப் பற்றிப் பேசுங்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் ஒன்றாகப் போய்ப் பிரதமரைப் பாருங்கள். எங்கள் மேசைக்கு வந்த காகிதங்களின் பிரதிகள், பெயர்களை மறைத்து, தருவதற்கு நாங்கள் தயார்.

பிரதமர் அவர்களே, நீங்கள் செரோக் தோக் குன்னில் பிறந்தவர், பெர்மாத்தாங் பாவில் பல தவணை எம்.பி.யாக இருந்தவர். பெருநிலத்துத் தோட்டங்களும் அங்கிருந்த தமிழர்களும் உங்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. அதனால் மூன்று காரியங்களை நேராகக் கேட்கிறேன். மேலவை வழியாகவோ மக்களவையிலிருந்தோ, தமிழ் பேசும் ஒருவரை முழு அமைச்சராக்குங்கள். அடுத்த பெரிய மாற்றத்துக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை, இந்தியர் தொடர்பான விவகாரம் கூட்டத்துக்கு வரும் நாள்களில் மூன்று துணையமைச்சர்களில் ஒருவரையாவது உள்ளே அழைத்துக் கருத்தைக் கேளுங்கள். பிப்ரவரியில் நாடாளுமன்றம் கூடுவதற்கு முன், குடியுரிமைத் திருத்தத் தொகுப்பிலிருந்து நிரந்தரவாசிகளின் பிள்ளைகளைப் பற்றிய அந்த ஒரு திருத்தத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். தாய்மாருக்கான நல்ல திருத்தம் தாமதமின்றிப் போகட்டும்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து, பாரம் நிரப்பித் தரும் ஒரு குடிமகள்